அம்மாவின் மாத்திரைப் பையை யார் பிரித்துப் பார்ப்பது?

மாண்புமிகு மருத்துவம், மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மதுரை ஆனையூரிலிருந்து எழுதுகிறேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க பஸ் ஏறி, வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை இழந்த காலம் பல வீடுகளில் முடிந்தது. 2024-இல் அந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தபோது, வீட்டு வாசலில் மாத்திரை வாங்கிய அனுபவம் உள்ள நாங்களும் மகிழ்ந்தோம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற மாத்திரைகளோடு அது ஒத்துப்போகுமா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

என் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சர்க்கரையும் இருக்கிறது, ரத்த அழுத்தமும் இருக்கிறது. மாத்திரைகளை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு வைத்திருக்கிறார். ஆனையூர் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். இங்குள்ளவர்கள் வைத்தியத்துக்குப் போகிற வழிகள் பல. ஒருவருக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், ஆலை வேலை பார்த்தவருக்குத் தத்தனேரி இ.எஸ்.ஐ., பெரிய நோய் என்றால் கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி, அவசரத்துக்குத் தெருமுனை கிளினிக், அதற்கும் நேரமில்லாவிட்டால் மெடிக்கல். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சீட்டு எழுதுகிறார்கள். எழுதுகிறவர் மற்ற சீட்டுகளைப் பார்ப்பதில்லை. எல்லாம் கடைசியில் சேர்கிற ஒரே இடம் அந்தப் பைதான்.

அதில் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பகுதியில் அடிக்கடி பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். பிரஷருக்கு அரசு தருவது அம்லோடிபின் என்று மருந்தின் சொந்தப் பெயரிலேயே வருகிறது. தனியார் மருத்துவர் எழுதுவது கம்பெனிப் பெயரில். அந்த ஒரு மாத்திரைக்குள் டெல்மிசார்டன், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு என்று மூன்று மருந்துகள் இருக்கலாம். பெயர் வேறு, நிறம் வேறு. அதனால் இரண்டையும் போடுகிறார்கள். அம்லோடிபின் இரட்டிப்பாகிறது. கால் வீங்குகிறது, ஏனென்றால் கால் வீக்கம் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. வீக்கத்தைப் பார்த்த இன்னொருவர் நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதுகிறார். இப்படி மருந்தின் விளைவுக்கே புது மருந்து சேர்கிறது.

இதைவிடக் கவலைப்பட வைப்பது முட்டிவலி. எங்கள் ஊரில் எழுபது வயதில் முட்டிவலி இல்லாத பெண்களைக் காண்பது அரிது. மெடிக்கலில் போய் "ஒரு செட் குடுங்க தம்பி" என்றால், பெயரில்லாத நாலைந்து மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை ஒன்று இருக்கும். சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை விறுவிறுவென ஏற்றிவிடும். வலி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். அது மட்டும் என்றால்கூடப் பொறுக்கலாம். எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பவை. டைக்ளோபினாக், அந்த வடிகட்டிக்குள் ரத்தம் வருகிற குழாயையே சுருக்கும். நீர் பிரிய வைக்கும் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனத் தளரலாம். மதுரைச் சித்திரை வெயிலில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடிய விடிய நின்றுவிட்டு வந்த உடம்பில், தண்ணீரும் குறைந்திருக்கும் நாளில் இது இன்னும் எளிதாக நடக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பை விட்டு வெளியேறாமல் தேங்கும். முட்டிக்குப் போட்ட மாத்திரை, சர்க்கரைக்குப் போட்ட மாத்திரையை ஆபத்தாக்கிவிடுகிறது. இரண்டையும் தந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

தாழ் சர்க்கரையையும் சொல்லியாக வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்குபவை. அமாவாசை விரதம் இருக்கிற அம்மாக்கள் காலை மாத்திரையை மறக்காமல் போட்டுவிட்டு, சோற்றை மட்டும் தள்ளிவைப்பார்கள். சளிக்கோ சிறுநீர் எரிச்சலுக்கோ கொடுக்கிற லெவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்றவை இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை மேலும் இறங்கலாம். சர்க்கரை இறங்கும்போது உடம்பு படபடப்பாலும் நடுக்கத்தாலும் எச்சரிக்கும். பிரஷருக்கு அடினோலால் போடுகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை மங்கிவிடும்; வேர்வை மட்டும் மிஞ்சும். "வேர்த்துக் கொட்டுது, வெக்கை தாங்கல" என்று ஒரு பாட்டி மதுரையில் மே மாதம் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மின்விசிறியைக் கூட்டி வைப்பார்கள். சர்க்கரை கரைத்துக் கையில் கொடுத்திருக்க வேண்டிய நேரம் அது.

நாட்டு மருந்தையும் விட்டுவிட முடியாது. இருமலுக்கு அதிமதுரம் மென்றே பழகியவர்கள் நாம். நாள் கணக்கில் தொடர்ந்தால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பின் பொட்டாசியத்தைக் குறைக்கும். சர்க்கரைக்கு என்று எடுக்கிற சிறுகுறிஞ்சான் பொடி மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை இறக்கலாம். அலோபதிக்காரர் இதைக் கேட்பதில்லை. திட்டுவாரோ என்று நோயாளியும் சொல்வதில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவை வைத்திருக்கிற மாநிலம் நம்முடையது. ஒரே வளாகத்தில் இருக்கிற இரண்டு மருத்துவர்களும் ஒரே தாளில் எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

(இதைப் படிக்கும் யாரும் பயந்து எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதும் கெடுதல். முழுப் பையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.)

அமைச்சர் அவர்களே, மருந்துகள் இப்படி மோதுவதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள், மருந்து கொடுக்கும் பார்மசிஸ்ட் சீட்டைப் பரிசீலிக்க வேண்டும் என்கின்றன. ஒரே வகை மருந்து இரண்டு முறை வந்திருக்கிறதா, ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுகிறதா, அளவு சரியா என்று பார்ப்பது அவர் கடமை. சீட்டே இல்லாமல் செட் மாத்திரை மடித்துத் தருகிற கவுன்ட்டரில் அந்தக் கடமைக்கு இடமே இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உங்கள் துறையின் கீழ்தான் இருக்கிறது. பெயரில்லா மாத்திரையை உதிரியாக விற்பதை நிறுத்த அதற்கு உத்தரவிடுங்கள்.

நான் கேட்கிற முக்கியமான காரியம் ஒரு நோட்டுப் புத்தகம். கர்ப்பிணிகளுக்கு இதை இந்த மாநிலம் எப்போதோ செய்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தாலும் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் கேட்கிறார்கள். தாய் சேய் அட்டையைக் காட்டினால் எந்த மருத்துவரும் அதில் எழுதுகிறார். ஒரு தாயின் பத்து மாதத்துக்குச் செய்த ஏற்பாட்டை, அதே தாய் முதுமையில் மாத்திரையோடு வாழ்கிற இருபது முப்பது வருடங்களுக்கும் செய்ய வேண்டும். திட்டத்தில் மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மருந்துப் புத்தகம் கொடுங்கள். மருந்தின் சொந்தப் பெயர் தமிழில், எதற்கு, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, யார் எழுதியது, என்றைக்கு நிறுத்தியது எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கடைசியாகப் பார்த்த தேதியும் அளவும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். செல்போனில் செயலி செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், முதலில் காகிதம் என்று சொல்லுங்கள். என் அம்மா தலைமுறைக்குக் காகிதம்தான் கைக்கு வரும்.

அந்தப் புத்தகத்தை நிரப்ப ஆள் வேண்டும். வீடு தேடி வருகிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களின் தலையில் இதைக் கட்டுவது அநியாயம். இது அவர்கள் படித்த வேலையில்லை. படித்தவர்கள் இருக்கிறார்கள். 2008-இல் நாட்டில் பார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பு வந்தது. மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைக் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் பயிற்சியின் முக்கியப் பகுதி. மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே மருந்தியல் கல்லூரி ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. ஆஸ்திரேலியாவில் மருத்துவர் பரிந்துரைத்தால் பார்மசிஸ்ட் வீட்டுக்கே வந்து மருந்துகளைப் பார்க்கும் ஏற்பாடு 2001 முதல் இருக்கிறது. நமக்கு வீட்டுக்கு வரக்கூட வேண்டாம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரு மதியம், ஒரு மேசை, பார்ம்.டி. படித்த ஒருவர் போதும். பையை மேசையில் கொட்டட்டும், அவர் பிரித்துப் பார்க்கட்டும், புத்தகத்தில் எழுதட்டும். சந்தேகம் வந்தால் அங்குள்ள மருத்துவரிடம் அப்போதே கேட்டு மாற்றட்டும்.

ஐந்து மருந்துக்கு மேல் எடுக்கிறவர்களையும், அறுபது வயது தாண்டியவர்களையும் முதலில் கூப்பிடலாம். ஒரு பகுதியில் ஆறு மாதம் நடத்திப் பார்த்தால், எத்தனை பைகளில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது, எத்தனை பேர் சிறுநீரகச் சோதனையே பார்க்காமல் வலி மாத்திரை போட்டார்கள் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும். நிதித் துறையிடம் பேச அந்தக் கணக்கு உதவும். இந்த ஏற்பாட்டை எங்கள் ஆனையூரிலேயே தொடங்க ஆணையிடுங்கள். தெருத்தெருவாகப் போய்ச் சொல்லி, பெரியவர்களைப் பையோடு அழைத்து வருகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒரு தாயைப் பார்த்துக்கொள்கிற ஆனையூர்வாசி