விரைவில் கேப்டன் பதவி: நிறுவனம் மாறும் விமானிகள் எடைபோட வேண்டியவை

ஜங்லிகாட்: சென்னைக்குக் கப்பலில் செல்ல சுமார் மூன்று நாட்கள் ஆகும் அந்தமான் தீவுகளில், விமானிகளின் பணி மாற்றம் அவர்களின் தனிப்பட்ட விவகாரமாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. விமானிகள் குறைந்தால் விமானங்கள் ரத்தாகும். அதன் பாதிப்பு, மருத்துவத்துக்கும் கல்விக்கும் நிலப்பகுதியை நம்பியுள்ள ஜங்லிகாட் போன்ற பகுதிகளின் குடும்பங்களையும் எட்டும்.

2023-ம் ஆண்டில் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் அறிவிப்புக் காலத்தை நிறைவு செய்யாமல் விலகியதாக அந்நிறுவனம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதனால் விமானங்கள் ரத்தாயின. விமானிகள் மீது மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-ல் வகுத்த விதியின்படி, கேப்டன்கள் ஓராண்டும் துணை விமானிகள் ஆறு மாதங்களும் முன்னறிவிப்பு தர வேண்டும்.

துணை விமானி கேப்டனாக உயர்வதற்குத் தேவையான உரிமத்தைப் பெற 1,500 மணி நேரப் பறக்கும் அனுபவம் வேண்டும். அந்தத் தகுதி வந்த பிறகும், பணிமூப்புப் பட்டியலில் அவரது முறை வர வேண்டும். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களையும் இண்டிகோ 500 விமானங்களையும் வாங்குவதாக அறிவித்தன. விமானங்கள் பெருகும் நிறுவனத்தில் பதவி உயர்வு விரைந்து வரும் என்ற கணக்கு இங்கிருந்தே எழுகிறது.

அந்தக் கணக்கு, விமானங்கள் உரிய காலத்தில் வந்தால் மட்டுமே பொருந்தும். போயிங் விமானங்களின் வருகை தாமதமானதால், ஆகாசா ஏர் பணியமர்த்திய விமானிகளில் பலர் பின்னர் பறக்க வாய்ப்பின்றிக் காத்திருந்தனர். பறக்கும் நேரம் குறைந்தால் அனுபவக் கணக்கும் தேங்கும். பதவி உயர்வும் தள்ளிப்போகும்.

பணிமூப்பை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பது அதைவிடப் பெரிய இடர். புதிதாகச் சேர்பவர் பொதுவாகப் பட்டியலின் கடைசியில் நிற்கிறார். ஆட்குறைப்பு வந்தால் முதலில் பாதிக்கப்படக்கூடியவரும் அவரே. சென்னை–போர்ட் பிளேர் தடத்தில் பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் சேவையை நிறுத்தியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. அங்கு ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணிமூப்பு ஒரே நாளில் மதிப்பிழந்தது.

எனவே ஒரே நிறுவனத்தில் நீடிப்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. வாக்களிக்கப்படும் பதவியைவிட, விமானங்கள் எப்போது வரும், பட்டியலில் முன்னே எத்தனை பேர் உள்ளனர், பயிற்சி ஒப்பந்தத்தை முறித்தால் எவ்வளவு தொகை செலுத்த வேண்டும் ஆகிய மூன்றையும் எழுத்துப்பூர்வமாக அறிந்த பின்னரே முடிவெடுப்பது நல்லது. அறிவிப்புக் காலத்தை முழுமையாக நிறைவு செய்வது, விமானியைச் சட்டச் சிக்கலிலிருந்தும் பயணிகளைத் திடீர் ரத்திலிருந்தும் காக்கும்.