மனோராவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர் ஒருவர் கடற்கரையிலுள்ள மனோராவுக்கு வழி கேட்டுப் பார்க்கட்டும். ஒருவர் மல்லிப்பட்டினம் வண்டியில் ஏறச் சொல்வார். இன்னொருவர் சேதுபாவாசத்திரம் வண்டியைக் கைகாட்டுவார். ஆட்டோக்காரர், "மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போயிடுவாங்க, உள்ளே நடக்கணும், திரும்பி வர வண்டி கிடைக்காது, நான் கொண்டுபோய் விடுறேன் வாங்க" என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை. போகிற வழி ஓரளவு தெரிந்துவிடும். வருகிற வழியை உறுதியாகச் சொல்லத்தான் ஆளில்லை.

இந்தக் கடலோரத் தடங்களில் நடத்துநராக ஓடி ஓய்வுபெற்றவன் நான். கடற்கரைக்கு வரும் குடும்பங்கள் படுகிற அவதியில் பெரும்பகுதி, திரும்பிப் போக வண்டி இல்லாததால் வருகிறது என்பேன். அலையைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறோம். பொழுது சாய்ந்தபின் சாலையோரம் கைக்குழந்தையோடு நிற்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நெப்போலியன் தோற்றதை நினைவுகூர, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15ல் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம் மனோரா. அதன் எதிரே கிடக்கும் பாக் விரிகுடாவின் ஒரு பகுதிதான் நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகம். 448 சதுர கிலோமீட்டர், 2022ல் அறிவித்தார்கள். நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தச் சாதுவான உயிர் மேய்கிற கடற்புல் இந்தக் கரையோரத்தில்தான் விளைகிறது. வடக்கே போனால் அதிராம்பட்டினம். அதைத் தாண்டினால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. எல்லாமே ஒரே நாளில் பார்த்துவிட்டு வீடு திரும்பக்கூடிய தூரம்.

ரயிலும் வந்துவிட்டது. திருவாரூர் - காரைக்குடி அகலப்பாதையில் 2019ல் வண்டி ஓடத் தொடங்கியபோது, ரயிலிலேயே கேட் கீப்பர் வந்து இறங்கி, கேட்டைச் சாத்தி, வண்டி கடந்தபின் திறந்துவிட்டு மறுபடி ஏறுவார். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்தக் காலம் போய், இன்று தாம்பரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கும் செங்கோட்டைக்கும் போகும் விரைவு வண்டிகள் பட்டுக்கோட்டை வழியாகப் போகின்றன. சென்னையில் ஏறிப் படுத்தவர் வண்டி மாறாமல் இங்கே இறங்கலாம். இறங்கி, ஸ்டேஷன் வாசலில் நின்று, எதில் ஏறுவது?

இந்த ஓட்டையைத்தான் லோடு ஆட்டோ அடைக்கிறது. காணும் பொங்கலன்று மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். பின்பக்கம் பத்துப் பதினைந்து பேர், விளிம்பில் கால் தொங்கப் பிள்ளைகள். எதிரே, ஐஸ் உருகுவதற்குள் சந்தை சேர வேண்டிய மீன் லாரிகள். பல இடங்களில் தெருவிளக்கு கிடையாது. கடைசி சிங்கிளில், அதாவது அன்றைய கடைசி நடையில், நிரம்பி வழியும் பஸ்ஸிலிருந்து, "அடுத்த வண்டி வருமா அண்ணே?" என்று ஓடி வருகிறவர்களிடம் வராது என்று சொல்லிவிட்டு விசில் கொடுப்பது எவ்வளவு கனமான வேலை என்பது அந்த வேலை பார்த்தவனுக்குத் தெரியும். அவர்கள் வேறு எதில் போவார்கள்?

இதற்கு ஒரு வழியை என் மகளிடம் கேட்டறிந்தேன். டெக்சாஸில் இருக்கும் அவள், குடும்பத்தோடு மெக்சிகோவின் கான்கூன் கடற்கரைக்குப் போய் வந்தாள். அது 1970களில் அந்த நாட்டு அரசு திட்டம் போட்டு உருவாக்கிய சுற்றுலா நகரம். மணல் திட்டின் மேல் நீளமாக ஒரே சாலை, அதன் இருபுறமும் ஹோட்டல்கள். ஆர்-1, ஆர்-2 என்று எண் போட்ட பஸ்கள் அந்தச் சாலையில் அடிக்கடி போய்வந்துகொண்டே இருக்குமாம். காரே எடுக்கவில்லை என்றாள். டாக்சிக்கு மீட்டர் இல்லாததால் ஏறும் முன் தொகையைப் பேசி முடிவுசெய்ய வேண்டும் என்றும் சொன்னாள். கரையில் கொடி பறக்கும்: பச்சை என்றால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு ஆபத்து, கறுப்பு என்றால் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. மொழி தெரியாதவருக்கும் கொடி புரியும். பெரும்பணம் புரளும் ஊர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடத்தில் ஒரு பஸ், ஒரு கம்பத்தில் ஒரு கொடி என்பதற்குப் பெரும்பணம் தேவையில்லை.

நம் கரைக்குக் கொடி ஏன் வேண்டும் என்றால், நம் கடல் ஒன்றுபோல் இல்லை. மனோரா பக்கம் ஆழம் குறைவு, சேறு. அந்த அமைதியைப் பார்த்துப் பழகியவர்கள் அதே நினைப்பில் வேளாங்கண்ணியில் இறங்குகிறார்கள். அங்கே அலையின் இழுப்பு வேறு. தனுஷ்கோடியில் ஒரு பக்கத்தைப் பெண் கடல் என்றும் மறுபக்கத்தை ஆண் கடல் என்றும் அந்த ஊர் மக்கள் பிரித்துச் சொல்வது சும்மா இல்லை. உள்ளே இழுபட்டால் கரையை நோக்கி நேராக நீந்தி மூச்சை இழக்காதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் கரையேறுங்கள்.

படகு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2023 மே 7ஆம் தேதி கேரளத்தின் தானூரில் மறுபடியும் 22 உயிர்கள், பெரும்பாலும் குழந்தைகள். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டியிருந்தார்கள். முத்துப்பேட்டையில் வனத்துறை அனுமதியோடுதான் காயலுக்குள் போக வேண்டும். அந்த அனுமதியைக் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துகிற உயிர்காக்கும் கவசம் இருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள், கொடுத்த பணம் போனாலும் போகட்டும்.

பெண்களுக்கு இந்தப் பயணம் இன்னும் கடினம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. மீன் கூடையோடு வரும் அக்காமார் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை அதனால் எவ்வளவு தூரம் போய்வர முடிகிறது என்பதை வண்டிக்குள் நின்று கண்ணால் பார்த்தேன். ஆனால் இறங்குகிற இடத்தில் சுத்தமான கழிப்பறையும், ஈரத்துணி மாற்ற ஒரு மறைவும், நிறுத்தத்தில் ஒரு விளக்கும் இல்லையென்றால் அந்த இலவசப் பயணம் கடற்கரை வரை நீளாது.

ஆட்டோ நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன். 2013ல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. டீசல், பெட்ரோல் விற்கிற விலையில் அது கட்டாது என்ற உங்கள் குறை நியாயம். அப்படியானால் மனோரா போய்வர இவ்வளவு, காத்திருக்க இவ்வளவு என்று நீங்களே பேசி ஒரு பலகையில் எழுதி ஸ்டேஷன் வாசலில் மாட்டுங்கள். தொகை முன்பே தெரிந்தால் ஆள் தயங்காமல் ஏறுவார்.

போக்குவரத்துக் கழகத்திடமும் மாவட்ட ஆட்சியரிடமும் நான் கேட்பது ஒரே ஒரு தடம். சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் பட்டுக்கோட்டை ரயில் நிலையத்தில் புறப்பட்டு, பஸ் ஸ்டாண்டு, மனோரா வாசல், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று போய்வரும் இரண்டு வண்டிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசி வண்டியின் நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு பலகை. இருட்டிய பிறகு, கரையில் மிச்சம் நிற்கிறவர்களை ஏற்றிவர ஒரு சிங்கிள். பள்ளி விடுமுறை நாட்களில் சும்மா நிற்கும் வண்டிகளைக் கொண்டே இதைத் தொடங்கலாம். வருகிற காணும் பொங்கலுக்கு முன் இந்தத் தடத்தை ஓட்டிக் காட்டுங்கள்.