மேடு வேண்டாம், குழியை மூடுங்கள்

கோலா தெர்லா வழியாக லோரி ஓட்டும் அன்பர்களுக்கும், காய்கறித் தோட்டக்காரர்களுக்கும், அண்டை அயலாருக்கும் சாலையோரக் குடியிருப்பாளர்களாகிய எங்கள் வேண்டுகோள் இது.

எங்கள் கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. ஆனால் தண்டவாளத்தை ஒட்டி வாழ்பவர்கள் படும் அவதி எங்களுக்கும் உண்டு. கோபிஸ் ஏற்றிய லோரி இரவில் ஒரு குழியில் இறங்கி ஏறினால் போதும், சன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது, அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் உரசிக்கொள்கின்றன, தூங்கும் பிள்ளை எழுந்துவிடுகிறது.

பாரம் மட்டும் இதற்குக் காரணமல்ல. குழியில் விழுந்து எழும் அச்சு நொடிக்கு 10 முதல் 15 தடவை துள்ளும். அந்தத் துள்ளல் மண்வழியே அஸ்திவாரத்துக்கு வருகிறது. வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். ரயில்காரர்கள் தேய்ந்த சக்கரத்தைக் கடைகிறார்கள், தண்டவாள இணைப்புகளைப் பற்றவைக்கிறார்கள், பாதைக்கடியில் ரப்பர் வைக்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம், சாலை சமமாக இருந்தால் போதும்.

லோரிகளை அடக்க வேகத்தடை மேடு கேட்கிறார்கள் நம்மில் பலர். பள்ளிக்கூடத்து முன்னால் சரி. வீட்டு வாசலில் போட்டால்? மேடு என்பது கவிழ்த்துப் போட்ட குழிதானே! ஒவ்வொரு லோரியும் அங்கேதான் குதிக்கும்.

சுவரில் விழும் விரிசல்களுக்கெல்லாம் லோரிமேல் பழிபோடுவதும் நியாயமில்லை. நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் அதிர்வையே மனிதர் உணர்ந்துவிடுவர். சாதாரண வீடுகளுக்கு ஜெர்மன் தரவிதி வைத்த வரம்போ, குறைந்த அதிர்வெண்ணில், நொடிக்கு 5 மில்லிமீட்டர். ஆட்டம் தெரிவதாலேயே சுவர் பிளந்துவிடாது. வடிகால் அடைத்து மண் இறங்கினாலும் விரிசல் விழும், நம் மலையில் அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2024 ஜனவரியில் கம்போங் ராஜா புளூ வேலியில் மண் சரிந்து 5 பேர் மாண்டதை மறக்க முடியுமா? புதிய விரிசலின் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அது நீண்டால் முதலில் வடிகாலையும் பின்புறச் சரிவையும் பாருங்கள்.

ஓட்டுநர் தம்பிமார்களே, வீடுகள் தொடங்கும் இடத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். தோட்டக்காரர்களே, லோரி தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றி அனுப்பாதீர்கள். குழியைக் கண்டவர்கள் படம் எடுத்துப் புகார் கொடுங்கள். நம் சாலை 59ஆம் எண் கூட்டரசுச் சாலை. ஆகவே புகார் போக வேண்டிய இடம் பொதுப்பணி இலாகா. கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், ‘கடைக்குப் பக்கத்தில்’ என்றால் அவர்களுக்கு எந்தக் கடை என்று தெரியாது.