முதல் மோட்டார் சைக்கிளை யார் தேர்ந்தெடுப்பது?



சென்ற வாரம் மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை பேசினார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். நலம் விசாரித்த பின்னர்த் தயங்கித் தயங்கி விஷயத்திற்கு வந்தார்.

"சார், பையன் எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டான். மோட்டார் வேண்டுமாம். அதுவும் ஒய்15தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நான் சொன்னால் கேட்க மாட்டான். நீங்கள் சொன்னால் கேட்பான் சார்."

மோட்டார் வாங்குவதற்கு வாத்தியாரிடம் ஆலோசனையா என்று சிலர் நகைக்கலாம். நான் இயந்திரம் அறிந்தவன் அல்லன். தமிழும் கணிதமும் கற்பிப்பவன். ஆயினும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாள் முதல் (அக்காலத்தில் அதை 'மக்தப்' என்றே அழைப்போம்) பதினைந்து ஆண்டுகள் கப்சாய் ஓட்டியவன். இந்தக் கேள்வியை அந்தத் தந்தை என்னிடம் கேட்டது சரிதான் என்பதே என் கருத்து. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

(தூய தமிழில் 'விசையுந்து' என்று எழுத வேண்டும் என்பதை அறிவேன். அந்தச் சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் இக்கட்டுரையைப் படிக்க வேண்டியவர்கள் வீட்டில் 'மோட்டார்' என்றுதான் சொல்கிறார்கள். இந்த முறை அவர்கள் சொல்லே இருக்கட்டும்.)

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் 16 வயது நிறைந்த ஒருவர் பி2 உரிமம் பெறலாம். அந்த உரிமத்தைக் கொண்டு 250 சி.சி. வரையிலான எந்த மோட்டார் சைக்கிளையும் ஓட்டலாம். நேற்று வரை மிதிவண்டி ஓட்டியவன் இன்று 250 சி.சி. பந்தய உருவ வண்டியில் ஏறினாலும், 'பி' ஒட்டுவில்லையை ஒட்டியிருக்கும் வரையில் சட்டம் அவனைத் தடுக்காது.

பாலத்திற்கு அப்பால் உள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 18 வயதிற்குப் பிறகுதான் உரிமம். அதுவும் முதலில் 200 சி.சி. வரைதான். ஓராண்டு கழித்துத் தேர்வு எழுதித் தேறினால் 400 சி.சி. வரை. அதன்பின் மேலும் ஓராண்டு கழித்தே அதற்கு மேற்பட்டவை. பிரிட்டனில் 16 வயதினருக்கு 50 சி.சி., 17 வயதினருக்கு 125 சி.சி. என்று ஏணிப்படி போல் அமைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் 250-க்கு மேல் படிகள் உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் விழுவது அந்தப் படிகளில் அல்ல. பூச்சியத்திற்கும் 250-க்கும் இடையில் விழுகிறார்கள். அங்கே படியே இல்லை. சட்டம் வைக்காத அந்தப் படியை வீட்டில் பெற்றோர்தாம் வைக்க வேண்டும் என்கிறேன்.

2023-ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,443 பேர் இறந்தனர். ஆண்டுதோறும் இவ்வாறு இறப்பவர்களுள் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் குளுவாங் வழியாகச் செல்லும் கூட்டரசுச் சாலை 50-ஐ எண்ணிப் பாருங்கள். பத்து பகாட்டில் தொடங்கி, ஆயர் ஹீத்தாம், குளுவாங், கஹாங் என்று மெர்சிங் பக்கம் நீள்கிறது. செம்பனை லாரி, மர லாரி, விடுமுறை நாள்களில் தீவுக்குச் செல்லும் கார்கள். அந்தச் சாலையில்தான் நம் பிள்ளை முதன்முதலாக மழையைச் சந்திக்கப் போகிறான். பயிற்சித் திடலில் அவன் குறுகிய தட்டின்மேல் ஓட்டினான், கூம்புகளுக்கிடையே வளைந்தான். பக்கத்தில் லாரி உரசிச் செல்லும்போது வரும் காற்றின் தள்ளலை அவனுக்கு யாரும் அங்கே காட்டவில்லை.

இனி அந்தப் பையன் கேட்ட வண்டிக்கு வருவோம். ஒய்15 என்பது 2015-இல் நம் நாட்டில் அறிமுகமான யமஹா 150 சி.சி. வண்டி. ஐந்து கியர், கையால் இயக்கும் கிளட்ச், ஏறத்தாழ 15 குதிரைத்திறன். நம் அப்பாக்கள் ஓட்டிய ஹோண்டா இ.எக்ஸ்.5 ஏறத்தாழ 100 கிலோ எடை, நான்கு கியர், கை கிளட்ச் இல்லை, எட்டு ஒன்பது குதிரைத்திறன். 1958-இல் ஜப்பானில் பிறந்த சூப்பர் கப் வண்டியின் வழித்தோன்றல் அது. 2017-இல் பத்துக் கோடியாவது சூப்பர் கப் வண்டி தயாரிக்கப்பட்டது. உலகின் வேறு எந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 'கப்' என்ற சொல்லோடு கண்டோனியச் 'சாய்' சேர்ந்துதான் நாம் சொல்லும் கப்சாய் ஆயிற்று. கெடா, கூரூனில் தயாராகும் மொடெனாஸ் கிரிஸ் வண்டியும் இதே குடும்பம்தான்.

பையன் என்ன சொல்கிறான்? "இ.எக்ஸ்.5 கிழவர் வண்டி சார். ஒய்15-க்கு முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். டயரும் அகலம். அதுதானே பாதுகாப்பு?"

அவன் வாதத்தில் உண்மை இருக்கிறது. மறைக்கக் கூடாது. டிரம் பிரேக்கை விட டிஸ்க் பிரேக் நன்றாகவே பிடிக்கும், மழையில் குறிப்பாக. ஆனால் கணித ஆசிரியனாக நான் அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எதிரே ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம். 17 மீட்டர் போய்விட்டது. அதன்பின் காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் இன்னும் 20 மீட்டர் ஆகும். ஆக 37 மீட்டர். வேகம் 90 ஆனால் முதல் தூரம் 25 மீட்டர் ஆகிறது. இரண்டாவது தூரம் ஒன்றரை மடங்கு அன்று. ஒன்றரையின் வர்க்கம், அதாவது 45 மீட்டர். மொத்தம் 70. எந்த டிஸ்க் பிரேக்கும் இந்த வர்க்கத்தை மாற்றாது. புதிதாக ஓட்டுபவனை 90-க்கு நொடியில் கொண்டு செல்லும் வண்டி, அவன் அறியாமலே அவனுடைய 37-ஐ 70 ஆக்கிவிடுகிறது.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் 90 போக மாட்டேன் சார்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் என் தந்தையாரிடம் அப்படித்தான் சொன்னேன்.

எனவே என் பரிந்துரை இதுதான். முதல் ஈராண்டு, அதாவது 'பி' உரிமக் காலம் முழுமைக்கும், 110 முதல் 125 சி.சி. வரையிலான கப்சாய் போதும். இயன்றால் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ளதாகப் பாருங்கள். வேவ் வகையில் அத்தகையன உண்டு. அகலமான டயர் மட்டும் எவரையும் காப்பாற்றாது. தேய்ந்த டயர் நிச்சயம் கவிழ்க்கும். மெல்லிய டயர் மாட்டி, கண்ணாடியைக் கழற்றி, புகைக்குழாயை மாற்றி அலங்கரித்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஸ்கூட்டர் எப்படி என்று ஒரு தாயார் முன்பொரு முறை கேட்டார். மகள் தொழிற்சாலைக்குச் செல்வதற்காக. கியர் இல்லாததால் கவனம் சாலையில் இருக்கும், அது நன்மை. ஆனால் சக்கரம் சிறியது. தோட்டத்துச் செம்மண் சாலையில் குழிக்குள் எளிதில் இறங்கிவிடும். நகரத்திற்குள் மட்டும் என்றால் ஸ்கூட்டர், தோட்டத்திலிருந்து வந்து போவதென்றால் 17 அங்குலச் சக்கரமுள்ள கப்சாய் என்று சொன்னேன்.

கடைக்குச் செல்லும்போது பிள்ளையைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். வண்டியில் அமர்ந்தால் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பட வேண்டும். நுனிக்காலில் நிற்பவன் சாலை விளக்கில் நிற்கும்போதே சாய்வான். வண்டியைப் பத்தடி தள்ளச் சொல்லுங்கள். நடுத்தாங்கியில் தானே நிறுத்தட்டும். சாய்த்துவைத்த வண்டியைத் தானே தூக்கட்டும். இவற்றைச் செய்ய இயலாதவனுக்கு அந்த வண்டி இன்னும் பெரிது. கடைக்காரர்கள் இந்தச் சோதனைகளைக் கண்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. கீழே போடப்போகும் முதல் வண்டி பழையதாக இருப்பது மனத்திற்கும் பணப்பைக்கும் நல்லது. பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டை தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் பழைய ரப்பர் ஈரச் சாலையில் வழுக்கும்.

வண்டியில் மிச்சம் பிடித்த பணத்தில் தலைக்கவசம் வாங்குங்கள். 1973 முதல் நம் நாட்டில் தலைக்கவசம் கட்டாயம். ஆனாலும் போலீஸ்காரருக்காகத் தலையில் கவிழ்த்த கிண்ணம் போன்றதைத்தான் பலர் அணிகிறார்கள். சிரிம் முத்திரை உள்ளது, தாடையையும் மறைப்பது, தலையை அசைத்தால் ஆடாதது, இவையே வேண்டும். ஒரு முறை பலமாக மோதியபின் அதன் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

இப்போது நான் முன்பு சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டப் பள்ளியில் இருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், பன்னிரண்டு வயது, தந்தையின் வண்டியில் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் பள்ளிக்கு வருவான். பேருந்து இல்லை, பெற்றோர் இருவரும் விடியற்காலையே வேலைக்குப் போய்விடுவர். ஒரு நாள் வாயிலில் நின்றிருந்த நான் அவன் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்டா நீ" என்றேன். மனமாரத்தான் சொன்னேன். உரிமமில்லாதவர் சாலையில் ஓட்டுவது மட்டுமன்று, ஓட்ட அனுமதிப்பதும் குற்றம் என்று 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பதினேழு வயதில் அவன் நண்பனின் 150 சி.சி. வண்டியை இரவல் வாங்கிச் சென்றான். மழை பெய்த மாலை. வளைவில் முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். உயிர் தப்பியது. இடது காலில் இன்றும் இரும்புத் தண்டு. இப்போது ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான், மணமாகி ஒரு பெண் குழந்தை. சில மாதங்களுக்கு முன்பு என் காருக்கு டயர் மாற்றும்போது அவனாகவே அந்த நாளைப் பற்றிப் பேசினான்.

"எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓட்டத் தெரியும் சார். அதனால் யாரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. நிறுத்திப் பழகவே இல்லை."

அன்று வாயிலில் நான் சொன்ன சொல் அவனுக்கு நினைவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை.

ஆகவேதான் அந்தத் தந்தை என்னைக் கேட்டது சரி என்றேன். நம் பள்ளி வாயிலில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். ஒரே வண்டியில் மூன்று பிள்ளைகள், எவர் தலையிலும் கவசம் இல்லை. நாம் வணக்கம் சொல்லி உள்ளே அனுப்புகிறோம். பதினாறு வயதில் அவன் எந்த வண்டியைக் கேட்பான் என்பது ஏழு வயதில், எண்ணெய்த் தொட்டியின்மேல் அமர்ந்து வரும்போதே முடிவாகிவிடுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கட்டடநிதி பேசுகிறோம், விருந்து பேசுகிறோம். சிறுவர்க்கான தலைக்கவசம் இருபது வாங்கிப் பள்ளியில் வைப்பதைப் பேசி நான் கேட்டதில்லை. வரும் கூட்டத்தில் நானே எழுப்பப் போகிறேன்.

"பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போல் மோட்டார் பார்க்கச் சொல்கிறீர்களே" என்று சக ஆசிரியை ஒருவர் கேலி செய்தார். இன்னொரு நண்பர், சிறிய வண்டி வாங்கிக் கொடுத்தால் பையன் நண்பர்களின் பெரிய வண்டியை இரவல் வாங்குவான், அது இன்னும் ஆபத்து என்றார். இது வலுவான மறுப்பு. டயர் கடைத் தம்பிக்கு நேர்ந்ததும் அதுதானே. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் சொந்த வண்டியே இல்லாதவன்தான் அதிகம் இரவல் கேட்கிறான் என்பது என் அனுபவம். சிறிதாயினும் தனக்கென்று ஒன்று இருந்தால், அதைக் கழுவுவான், சங்கிலிக்கு எண்ணெய் விடுவான், அதன்மேல் அக்கறை வரும்.

கடனைப் பற்றியும் ஒரு சொல். ஒய்15 போன்ற வண்டி, பதிவும் காப்புறுதியும் சேர்ந்தால் ஒன்பதாயிரம், பத்தாயிரம் ரிங்கிட் என்று போகிறது. மாதத் தவணைக்குப் பிணை நிற்பவர் தந்தை. தவணையைக் கட்டுவதற்காகவே படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே இருவர்.

அந்தத் தந்தையும் மகனும் கடந்த ஞாயிறு என் வீட்டிற்கு வந்திருந்தார்கள். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அமர்ந்திருந்தான். கணக்கை மறுபடியும் தாளில் தானே போட்டுப் பார்த்தான், 110-க்கு எவ்வளவு வரும் என்று. தந்தை ஓர் ஒப்பந்தம் சொன்னார்: ஈராண்டு கப்சாய், அதன்பின் சொந்தச் சம்பளத்தில் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அவன் 'சரி' என்று சொல்லவில்லை. 'ஓராண்டு' என்றான். பேரம் இன்னும் முடியவில்லை. வரும் சனிக்கிழமை மூவரும் கடைக்குச் செல்கிறோம். முதலில் தலைக்கவசக் கடைக்கு.