தள்ளுவண்டி சொல்லும் பாடம்



‘வழிதவறும் அபாயத்தில் உள்ள இளையோர்’ என்னும் தொடரைக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று வினவினால், “உதவி செய்ய வேண்டும்” என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. உணவு, உடை, புத்தகம், அவற்றோடு கொஞ்சம் அறிவுரை. இவற்றைக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். இது பாதி உண்மை மட்டுமே என்பது என் கருத்து. மற்றப் பாதியை நம் அண்டை நாடாகிய பிலிப்பைன்சில் தோன்றிய ஒரு தொண்டு முயற்சி நமக்குக் காட்டுகிறது.

மணிலா விரிகுடாவின் கரையில் அமைந்துள்ள நகரம் கவித்தே. அங்கே வறிய குடும்பமொன்றில் பிறந்தவர் எஃப்ரன் பென்யாஃபுளோரிடா. தந்தையார் முச்சக்கர வண்டி ஓட்டியவர். பள்ளியில் பயின்ற காலத்தில் எஃப்ரன் தெருக்கும்பல்களின் தொல்லைக்கு ஆளானார். பதினாறு வயதில், 1997-ஆம் ஆண்டில், தம் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ‘டைனமிக் டீன் கம்பெனி’ என்ற இளையோர் குழுவைத் தொடங்கினார். கும்பல்களின் பக்கம் சாயக்கூடிய தம் வயதினருக்கு வேறொரு வழி காட்டுவதே அதன் நோக்கம்.

பழைய பொருள்களைப் பொறுக்கி விற்போர் பயன்படுத்தும் தள்ளுவண்டியை அந்நாட்டில் ‘கரித்தோன்’ என்பர். வீடற்ற குடும்பங்கள் அதிலேயே படுத்துறங்குவதும் உண்டு. ஏழ்மையின் அடையாளமான அந்த வண்டியில் இக்குழுவினர் புத்தகங்களையும் எழுதுகோல்களையும் மேசை நாற்காலிகளையும் ஏற்றினர். சனிக்கிழமைகளில் குப்பைமேடுகளுக்கும் இடுகாடுகளுக்கும் அதைத் தள்ளிச் சென்று, பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். உடல் தூய்மையையும் பழக்கினர். 2009-ஆம் ஆண்டில் சிஎன்என் தொலைக்காட்சி எஃப்ரனை அவ்வாண்டின் நாயகராகத் தேர்ந்தெடுத்தது.

அப்பொழுது வெளியான ஒரு கணக்கு சிந்திக்கத்தக்கது. அதுவரை பயனடைந்த பிள்ளைகள் 1,500-க்கும் மேற்பட்டோர். கற்பிக்கத் துணைநின்ற உறுப்பினர்கள் ஏறத்தாழ 10,000 பேர். கொள்வோரைவிடக் கொடுப்போர் இத்தனை மடங்கா? வழக்கமான தொண்டு நிறுவனத்தின் கண்கொண்டு பார்த்தால் இது தலைகீழான கணக்கு. ஆயினும் இதில்தான் அம்முயற்சியின் உயிர் இருக்கிறது என்பேன். வண்டியைச் சூழ்ந்து அமர்ந்த சிறுவர்கள் மட்டும் அங்குக் காக்கப்படவில்லை. வண்டியைத் தள்ளிய பதின்ம வயதினரும் காக்கப்பட்டனர். சனிக்கிழமை தோறும் தனக்காகச் சில குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்று அறிந்த இளைஞனைக் கும்பல் அத்தனை எளிதில் இழுத்துவிட முடியாது.

இதற்கு மற்றொரு சான்று கெஸ் வால்டெஸ். கவித்தே குப்பைமேட்டில் பொருள் பொறுக்கித் திரிந்த சிறுவன். எரியும் டயர்க் குவியலில் விழுந்து கடுமையான தீக்காயங்களுக்கு ஆளானவன். எஃப்ரனுக்கு வழிகாட்டியாக விளங்கிய சமூகத் தொண்டர் ஹார்னின் மனலைசாய் அவனைப் பேணி வளர்த்தார். அச்சிறுவன் தன் ஏழாம் பிறந்தநாளில், பரிசுகள் பெறுவதற்கு மாறாகத் தெருப்பிள்ளைகளுக்குப் பரிசுப் பொட்டலங்கள் வழங்க விரும்பினான். அவற்றில் காலணியும் பல்துலக்கியும் இனிப்பும் இருந்தன. வெறுங்காலோடு குப்பையில் நடந்தவனுக்குத்தான் காலணியின் அருமை தெரியும்! 2012-ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் வயதில், நெதர்லாந்தின் ஹேக் நகரில் அனைத்துலகச் சிறுவர் அமைதிப் பரிசு அவனுக்கு வழங்கப்பட்டது. உதவி பெற்றவன் என்ற நிலையிலேயே அவனை நிறுத்தி வைத்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா?

“பசித்தவனுக்கு முதலில் சோறு, பொறுப்பெல்லாம் பிறகு” என்று சிலர் கூறலாம். நியாயமான கூற்றே. பசியையும் புண்ணையும் கவனியாமல் பொறுப்பைப் பற்றிப் பேசுவது கொடுமை. கெஸ்ஸின் காயத்திற்கும் முதலில் மருந்துதான் இடப்பட்டது. ஆனால், மருந்தோடு நின்றுவிட்டால் அவன் என்றென்றும் இரக்கத்திற்குரியவனாகவே இருந்திருப்பான். தொண்டர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அரசு தன் கடமையிலிருந்து ஒதுங்கிவிடவும் கூடாது. பள்ளியை விட்டவர்களுக்கான மாற்றுக் கற்றல் முறையைப் பிலிப்பைன்ஸ் 2020-ஆம் ஆண்டில் தனிச் சட்டமாக்கி வலுப்படுத்தியது வரவேற்கத்தக்கது.

அதே நாட்டில் நேர்மாறான சிந்தனையும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், பதினைந்து வயதும் அதற்குக் குறைந்த வயதுமுடைய சிறுவர்களைக் குற்றவியல் பொறுப்பிலிருந்து விலக்கியது. 2019-ஆம் ஆண்டு சனவரியில், அவ்வயதெல்லையைப் பன்னிரண்டாகக் குறைக்கும் மசோதாவுக்குக் கீழவை ஒப்புதல் அளித்தது. நல்லவேளையாக அது சட்டமாகவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் குற்றத்தின் பொறுப்பைச் சுமத்தத் துணிகிற சமுதாயம், அவனிடம் ஒரு நற்செயலின் பொறுப்பை ஒப்படைக்க ஏன் தயங்குகிறது? என் நெஞ்சை உறுத்தும் கேள்வி இதுதான்.

ஆகவே, இளையோருக்கான எந்த உதவித் திட்டத்தையும் மூன்று கேள்விகளால் அளந்து பார்க்க வேண்டுகிறேன். முதலாவது, இத்திட்டத்தில் பிள்ளை பெறுவது மட்டும்தானா, கொடுப்பதற்கும் வாய்ப்பு உண்டா? இரண்டாவது, அவன் வாராவிட்டால் அவனைத் தேடுவோர் உண்டா? மூன்றாவது, அவன் பட்ட துன்பம் அங்கே ஓர் அறிவாக மதிக்கப்படுகிறதா, படம் பிடித்துக் காட்டுவதற்கு மட்டும் பயன்படுகிறதா?

இக்கேள்விகள் நம் வகுப்பறைக்கும் வீட்டுக்கும் பொருந்தும். படிப்பில் பின்தங்கிய ஐந்தாம் ஆண்டு மாணவனிடம், எழுத்துக் கூட்டத் தடுமாறும் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றை ஒப்படைத்துப் பாருங்கள். நாளும் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்திற்காகவேனும் அவன் பள்ளிக்கு வருவான் என்பது என் நம்பிக்கை.

சிந்திப்போம், செயல்படுவோம். தங்கள் கருத்துகளையும் அறிய விழைகிறேன்.