பாட்டியின் முகம் ஏன் இருண்டது?

கல்யாண ஆல்பம் வந்ததும் நாம் ஆவலாய்த் தேடுவது யாரை? பெண்ணையும் மாப்பிள்ளையையும்தான் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கிறோமே! கும்பலோடு கும்பலாக நிற்கும் பாட்டியைத்தான் தேடுகிறோம். அந்த அம்மாள் போட்டோவுக்கு நிற்பதே இந்த மாதிரி நாளில்தான். பின்னொரு காலம் சட்டம் போட்டு மாட்டுவதற்கும் இந்தப் படத்திலிருந்துதான் முகத்தைப் பெரிதாக்கியாக வேண்டும்.

முகூர்த்த நாளில் கூடுவாஞ்சேரியில் ஏதாவதொரு மண்டபத்துக்குள் எட்டிப் பாருங்கள். மேடையில் 'பளிச், பளிச்' என்று பிளாஷ் வெட்டுகிறது. படத்தில் மட்டும் மாப்பிள்ளையின் வெள்ளை வேஷ்டி எடுப்பாக இருக்க, பாட்டி முகம் மங்கிக் கிடக்கிறது. ஏன் இப்படி?

பிளாஷுக்கு அளவு சொல்வது காமிராவுக்குள் இருக்கும் மீட்டர். படம் எடுப்பதற்குச் சற்று முன் சின்னதாக ஒரு வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதை அளந்து பார்க்கிறது. அதன் கணக்கில் உலகமெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம்! வெள்ளை வேஷ்டியை அளந்தால், 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று கையைச் சுருக்கிக்கொள்ளும், முகம் இருளும். கறுப்புத் திரையை அளந்தால் வாரி இறைக்கும். முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுக்கும்.

சரி, எந்த இடத்தை அளக்கும்? அங்கேதான் விஷயம். 1995-ல் கானன் கொண்டுவந்த இ-டி.டி.எல். முறை, போகஸ் புள்ளி இருக்கும் இடத்துக்கே அதிக மதிப்புக் கொடுத்தது. முகத்தில் போகஸ் செய்துவிட்டுக் காமிராவைச் சற்று நகர்த்தினால் போச்சு, புள்ளி வேஷ்டியில் விழும்! 2004-ல் வந்த இரண்டாவது முறை அந்தப் புள்ளியை நம்புவதில்லை. படத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியடிக்கும் பகுதியைத் தள்ளிவிடுகிறது. லென்ஸ் சொல்லும் தூரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நிகான் 1992-லேயே தூரத்தைக் கணக்கில் சேர்த்தது. நிகான் காமிராக்கள் பலவற்றில் 'ஸ்பாட்' மீட்டரிங் வைத்தால், பிளாஷ் பின்னணி வெளிச்சத்தோடு ஒத்துப்போகப் பார்க்காது. ஆளை மட்டுமே கவனிக்கும்.

இன்னொன்று: தூரம் இரட்டித்தால் பிளாஷ் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான். 2 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் கால் பங்குதான் 4 மீட்டரில் நிற்பவருக்கு. ஆகவே பாட்டியைப் பின்வரிசையில் நிறுத்தாதீர்கள். மணமக்களுக்குச் சமமாக, பக்கத்திலேயே நாற்காலி போடுங்கள்.

போட்டோக்காரரிடமும், "முகத்தை அளந்து பிளாஷை லாக் பண்ணிக்குங்க, தம்பி" என்று சொல்லி வையுங்கள். பல காமிராக்களில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது. முதல் படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அப்போது வேஷ்டியைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

எத்தனை கெட்டிக்காரக் காமிராவானாலும், அந்தக் கூட்டத்தில் நமக்கு யார் முக்கியம் என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்!