ஜிப்ஸிக்குப் பெரிய டயர் வேணுமா மக்களே?

புனேல பழைய ஜிப்ஸி வாங்கினதுல இருந்து நண்பர்கள் ஒரே பாட்டு: "235 டயர் போடுங்க பாஸ், சும்மா கெத்தா இருக்கும்!" லிஃப்ட் வேணாமாம், மட்கார்டைக் கொஞ்சம் வெட்டினாப் போதுமாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போக எடுத்து வெச்ச காசுல போட்டேன். கெத்துதான். ஆனா ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் பட்டை ஸ்பிரிங்ல உரசுது. பள்ளத்துல இறங்கினா மட்கார்டுல இடிக்குது.

கணக்கைப் பாருங்க. கம்பெனி டயர் 205/70 ஆர்15, உயரம் சுமார் 668 மி.மீ. 235/75 ஆர்15 சுமார் 733. ஆனா வண்டி உயர்றது அதுல பாதி, 33 மி.மீ.தான்! ஸ்பீடாமீட்டர் 60 காட்டினா நிஜ வேகம் 66. இழுவை குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

தாம்ஹிணி மலைப்பாதை, நல்ல மழை, பின் சீட்ல தங்கமணியும் பசங்களும். கொண்டை ஊசி வளைவுல 'கர்ர்ர்'. "அப்பா, டயர் வெடிச்சிடுமா?"ன்னு பொண்ணு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல.

திரும்பினதும் கழட்டிட்டு 215/75 போட்டேன். உரசல் இல்ல, தூக்கமும் வருது :-)

லிஃப்ட் பண்ணாதவங்க வண்டில இருக்கற இடத்தைப் பார்த்து டயர் வாங்குங்க. மட்கார்டை வெட்டலாம் சாமி, பட்டையை வெட்ட முடியுமா?